திருவோணத்துக்குக் கோடியும் இலையும்: எதை எந்த நாளில் வாங்குவது

தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டில் ஓணச் சாப்பாட்டுக்குச் சாமான் வாங்கும் பொறுப்பு பல வருடமாக என்னிடம் இருக்கிறது. கல்யாணமாகி இங்கே வந்தவர்களும், வேலை மாற்றலாகி நாகர்கோவிலில் குடியேறியவர்களும் முதல் ஓணத்தில் தடுமாறுவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். எல்லோரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். எல்லாவற்றையும் உத்திராடத்தன்று, அதாவது திருவோணத்துக்கு முந்தின நாளில், ஒரே நடையில் வாங்கிவிடலாம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

அந்த ஓட்டத்துக்கு உத்திராடப் பாய்ச்சல் என்று பெயரே உண்டு. ஆனால் அன்று கையில் எவ்வளவு பணம் இருந்தாலும் சில பொருள் கிடைக்காது. பழம் பழுக்க நாள் வேண்டும், தயிர் புளிக்க நாள் வேண்டும், பிளவுஸ் தைக்க நாள் வேண்டும். அதனால் எந்தப் பொருளுக்கு அதிக நாள் தேவையோ அதை முதலில் வாங்க வேண்டும். கீழே உள்ளது அந்த வரிசை. அளவெல்லாம் பன்னிரண்டு பேருக்கு.

இன்னொன்றையும் முதலிலேயே மனதில் வையுங்கள். திருவோணத்துக்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வழக்கமாக உள்ளூர் விடுமுறை விடுவார்கள். உத்திராடத்துக்கு விடுமுறை கிடையாது. வேலைக்குப் போகிறவர்களுக்கு அன்று மாலை மூன்று மணி நேரம்தான் மிஞ்சும்.

1. முதலில் தாளில் ஒரு இலையை வரையுங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் இலையை வரைந்து, எந்த இடத்தில் எந்தக் கறி என்று எழுதுங்கள். எழுதினால்தான் எத்தனை கறிக்குத் தேங்காய் வேண்டும், எத்தனை கறிக்குத் தயிர் வேண்டும் என்று தெரியும். சந்தையில் நின்றுகொண்டு யோசித்தால் காய் கூடும், தேங்காய் குறையும்.

முதல் தடவை செய்கிறவர்கள் இருபத்தைந்து கறிக்கு ஆசைப்பட வேண்டாம். எங்கள் இலையில் வருவது இவ்வளவுதான்: ஏத்தங்காய் (நேந்திரங்காய்) உப்பேரி என்கிற வறுவல், சர்க்கரை வரட்டி, இஞ்சிக்கறி, நார்த்தங்காய், அன்னாசிப் பச்சடி, வெள்ளரிக்காய்க் கிச்சடி, பயறு துவரன் (தேங்காய் போட்ட பொரியல்), அவியல், எரிசேரி (மஞ்சள் பூசணிக் கறி). சோற்றுக்குப் பருப்பு, சாம்பார், புளிசேரி (தயிர்க் குழம்பு), ரசம், மோர். அப்புறம் அடைப்பிரதமன் (அரிசிமாவில் செய்த அடைத் துண்டுகளைத் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்து வைக்கும் பாயசம்), பால்பாயசம், போளி, பப்படம், பழம்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம்: இங்கே கிச்சடி என்றால் சோறும் இல்லை, ரவையும் இல்லை. அரைத்த தேங்காயும் கடுகும் சேர்ந்த தயிர்த் தொடுகறி. பச்சடி இனிக்கும், கிச்சடி புளிக்கும். இது தெரியாமல் பட்டியலில் ரவை எழுதிக்கொண்டு போனவர் உண்டு.

2. கோடி: மூன்று வாரத்துக்கு முன்

சாப்பாட்டுச் சாமானுக்கு முன்னால் கோடியை, அதாவது ஓணத்துக்கான புது உடுப்பை, முடித்துவிட வேண்டும். துணி வாங்குவது ஒரு நாள் வேலைதான். தையல்தான் இழுக்கும். ஓணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போதே பல தையல்காரர்கள் புதுத் துணி வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். மூன்று வாரத்துக்கு முன் கொடுத்தால், அளவு சரியில்லை என்றால் பிரித்துத் தைக்கவும் நாள் இருக்கும்.

பெண்களுக்கு இரண்டு வழி. ஒன்று, ஜரிகைக் கரை போட்ட கசவுச் சேலை. இன்னொன்று, முண்டும் நேரியதும் தனித்தனியாக வரும் செட்டு முண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலும் உடுத்தும் விதம் வேறு. செட்டு முண்டில் கீழே ஒரு துண்டைச் சுற்றி, நேரியதின் ஒரு முனையை இடுப்பில் சொருகி மேலே எடுப்பார்கள். பழக்கமில்லாதவர்கள் அன்று முழுவதும் குனிந்து நிமிர்ந்து பரிமாற வேண்டியிருந்தால் சேலையே எடுங்கள். அதுதான் குலையாமல் நிற்கும்.

கசவு வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். முதலாவது, துணியைத் திருப்பிக் கரையின் பின்பக்கத்தைப் பாருங்கள். பலராமபுரம் கைத்தறியில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். பின்பக்கம் நூல் தொங்கினால் அது வேறு நெசவு. மார்த்தாண்டம், களியக்காவிளை தாண்டி அதே நெடுஞ்சாலையில் போனால் பலராமபுரம் வந்துவிடும். ஒரு அரைநாள் ஒதுக்கி அங்கேயே போய் எடுப்பதை நான் விரும்புவேன். எந்தக் கடையில் வாங்கினாலும் கைத்தறி என்று சொன்னால் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள்.

இரண்டாவது, ஜரிகை என்ன தரம் என்று வாய்விட்டுக் கேளுங்கள். வெள்ளி இழையில் தங்கம் பூசியது, அதற்கு அடுத்த தரம், வெறும் பாலியஸ்டர் என்று உண்டு. விலை அதில்தான் ஏறி இறங்குகிறது. வருடத்துக்கு இரண்டு தடவை உடுத்தும் துணிக்கு நடுத்தர ஜரிகை போதும் என்பது என் எண்ணம். பாலியஸ்டர் ஜரிகை வெயிலில் கண்ணைக் குத்துகிற மாதிரி மின்னும்.

மூன்றாவது, வெளிச்சம். கடைக்குள் மஞ்சள் விளக்கில் பார்த்தால் வெள்ளையும் சந்தன நிறமும் ஒன்றாகத் தெரியும். வாசலுக்கு எடுத்து வந்து பாருங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி உடுத்தப் போகிறீர்கள் என்றால் இது முக்கியம். வேட்டி தும்பைப்பூ வெள்ளையாகவும் சேலை சந்தனமாகவும் இருந்தால் பக்கத்தில் நிற்கும்போது ஒன்று அழுக்காகத் தெரியும்.

பிளவுஸ் துணியைத் தைக்கக் கொடுக்கும் முன் ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவையுங்கள். பருத்தி சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் கை ஏறாது. உள்பாவாடை வெள்ளை அல்லது சந்தன நிறத்தில் இருக்கட்டும். சிவப்போ பச்சையோ போட்டால் மெல்லிய கைத்தறியில் அப்படியே தெரியும். புதிதாக உடுத்துகிறவர்களில் பாதிப் பேர் இதை அன்று காலையில்தான் கவனிக்கிறார்கள்.

ஆண்களுக்கு டபுள் வேட்டி எடுங்கள். நான்கு மீட்டர் நீளம், மடித்து உடுத்துவதால் உள்ளே தெரியாது. இரண்டு மீட்டர் ஒற்றை வேட்டி வீட்டுக்குச் சரி, பந்தியில் நிற்கச் சரியில்லை. பழகாத பையன்களுக்கு ஒட்டு வேட்டி வாங்குங்கள். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. சாம்பார் வாளியுடன் நடக்கிறவன் கை வேட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

புது வேட்டியில் கடையின் கஞ்சி மொடமொடவென்று இருக்கும். அப்படியே உடுத்தினால் இடுப்பில் நிற்காமல் வழுக்கும். ஒரு தடவை வெறும் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, கசவுக்கு மேல் ஒரு மெல்லிய துணி போட்டுப் பின்பக்கமாகத் தேய்த்து வையுங்கள். ஆவணியில் எப்போது மழை வரும் என்று சொல்ல முடியாது. இந்த வேலையை ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

3. பலசரக்கு: ஒன்பது நாளுக்கு முன்

அத்தத்தன்று, அதாவது ஓணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, கெடாத சாமானெல்லாம் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். நாகர்கோவில் கோட்டாறில் கம்பளம் என்கிற கடைத்தெருவில் பலசரக்கு மொத்த விலைக்குக் கிடைக்கும். மேற்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு மார்த்தாண்டம் போதும்.

வெளியூர்க்காரர்கள் கடை வாசலில் ஏமாறுவது பேச்சில்தான். இங்கே சர்க்கரை என்று கேட்டால் வெல்லம் தருவார்கள். வெள்ளையாக இருப்பதற்குச் சீனி என்று பெயர். மிளகு வேண்டும் என்றால் நல்லமிளகு என்று கேட்க வேண்டும். தடியங்காய் என்றால் வெள்ளைப் பூசணி, மத்தங்காய் என்றால் மஞ்சள் பூசணி. மதுரையிலிருந்து வந்த எங்கள் வீட்டு மருமகள் முதல் வருடம் பால்பாயசத்துக்கு அரைக்கிலோ சர்க்கரை என்று எழுதிக்கொடுத்து, கருவெல்லம் வந்து சேர்ந்தது. பாவம், ராத்திரி எட்டு மணிக்குச் சீனிக்கு ஆள் ஓடியது.

அளவு இது. சம்பா அரிசி 2 கிலோ. சாம்பாருக்குத் துவரம்பருப்பு 400 கிராம். நெய் ஊற்றிச் சாப்பிடும் பருப்புக்கு வறுத்த சிறுபருப்பு 350 கிராம். எரிசேரிக்குக் காய்ந்த பயறு 150 கிராம். அடை 300 கிராம், அதற்குச் சர்க்கரை 600 கிராம். வரட்டிக்குச் சர்க்கரை 250 கிராம், சுக்கு கொஞ்சம். பால்பாயசத்துக்கு பச்சரிசி 200 கிராம், சீனி அரைக்கிலோ. தேங்காயெண்ணெய் 2 லிட்டர். நெய் 250 கிராம். பப்படம் 30.

சர்க்கரை வாங்கும்போது பளீரென்று மஞ்சளாக இருப்பதைத் தள்ளிவிட்டு, கருத்த உருண்டையை எடுங்கள். பிரதமனுக்கு அந்த நிறம்தான் அழகு. எதுவானாலும் உருக்கி வடிகட்டிய பிறகே அடையில் சேர்க்க வேண்டும், மண் இருக்கும்.

அடைப் பொட்டலத்தைக் கையில் தடவிப் பாருங்கள். அடியில் தூள் நிறைய இருந்தால் வேண்டாம். தூள் வெந்து குழைந்து பிரதமனைக் கூழாக்கிவிடும்.

4. ஏத்தன்: இரண்டு தடவை வாங்க வேண்டியது

அதிகம் தவறு நடக்கும் இடம் இதுதான். உப்பேரிக்கு வேண்டியது காய். புளிசேரிக்கும், காலையில் அவித்துத் தின்பதற்கும் வேண்டியது பழம். ஒரே தாரை வாங்கி வைத்து இரண்டுக்கும் எடுக்கலாம் என்று நினைத்தால் இரண்டும் கெடும்.

பழத்துக்கான ஏத்தனை ஐந்து நாள் முன்பு வாங்குங்கள். முனை மழுங்கி, பட்டை தெரியாமல் உருண்டு திரண்ட காயாக இரண்டு கிலோ எடுத்து, சாக்கில் சுற்றி வையுங்கள், அல்லது அரிசிப் பானைக்குள் வையுங்கள். திருவோணத்துக்குள் தோலில் கரும்புள்ளி விழும். அந்தப் புள்ளி வந்தால்தான் இனிப்பு ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

கடைசி நாளில் வாங்கினால் கிடைப்பது ஒரே சீராக மஞ்சளாக இருக்கும் பழம். காம்பு மட்டும் பச்சையாக, உள்ளே கடுக்கென்று இருக்கும். கல் வைத்துப் பழுக்கவைத்தது அப்படித்தான் இருக்கும். கார்பைடு கல் வைப்பது தடை செய்யப்பட்டது, வயிற்றுக்கும் ஆகாது. அவித்தாலும் அது மாவாகத்தான் இருக்கும்.

உப்பேரிக்கான காயை, எந்த நாளில் பொரிக்கப்போகிறீர்களோ அன்று காலையில் வாங்குங்கள். நாலு நாள் முன்பு பொரித்தால் போதும். காய் முற்றியிருக்க வேண்டும், ஆனால் பழுக்கத் தொடங்கியிருக்கக் கூடாது. லேசாகப் பழுத்தாலும் இனிப்பு ஏறி, எண்ணெயில் போட்டதும் சிவந்து மெத்தென்று ஆகிவிடும். ஒரு நாள் வீட்டில் கிடந்த காயே இந்த வேலையைச் செய்யும்.

வரட்டிக்கும் சேர்த்து 3 கிலோ காய் எடுங்கள். தோலும் ஈரமும் போனபின் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. அதிலும் பிள்ளைகள் கை வைத்தது போக மிச்சம்தான் இலைக்கு வரும். பொரித்ததை நன்றாக ஆறவிட்டு டின்னில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்து நமத்துப்போகும்.

இலையில் வைக்கும் பழம் வேறு. அதற்கு மட்டிப்பழம். கன்னியாகுமரி மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நன்றாகப் பழுத்தால் சீப்பிலிருந்து தானாக உதிரும், இரண்டு நாள் தாங்காது. ஆகவே உத்திராடத்தன்று, அரைப்பழமாக வாங்குங்கள். மட்டி கிடைக்காவிட்டால் பாளையங்கோட்டன் வையுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

5. தேங்காய்: எண்ணிப் பாருங்கள், குறைத்துவிடாதீர்கள்

புதிதாகச் செய்கிறவர்கள் ஐந்து தேங்காய் வாங்குவார்கள். உண்மையில் பதினொன்று வேண்டும். பிரதமனுக்குப் பால் எடுக்க 3, அவியலுக்கு 2, எரிசேரிக்கு 2, துவரனுக்கு 1, பச்சடிக்கும் கிச்சடிக்கும் சேர்ந்து 1, புளிசேரிக்கு 1, பருப்புக்கும் மற்றதற்கும் 1. இதோடு ஒன்று கூடுதலாக வையுங்கள். உடைத்தால் அழுகல் வரும் தேங்காய் ஒன்றாவது இருக்கும்.

எரிசேரிக்கு இரண்டா என்று கேட்பார்கள். அரைத்துச் சேர்ப்பது ஒரு பங்கு, சிவக்க வறுத்து மேலே போடுவது ஒரு பங்கு. வறுத்ததைக் குறைத்தால் அது எரிசேரி இல்லை, பூசணிக் கூட்டு.

நன்றாக விளைந்த தேங்காயாகப் பாருங்கள். ஆட்டினால் தண்ணீர் சத்தம் கேட்க வேண்டும். இளசாக இருந்தால் பால் தண்ணியாக இறங்கும், பிரதமன் திரளாது.

6. நாள் கேட்கும் சின்ன வேலைகள்

இஞ்சிக்கறியை மூன்று நாள் முன்பு வைத்துவிடுங்கள். இஞ்சியின் காரமும் புளியும் சர்க்கரையும் ஒன்றோடொன்று சேர இரண்டு நாள் ஆகும். அன்றே வைத்தால் நாக்கில் தனித்தனியாக நிற்கும். நாரில்லாத இஞ்சி 250 கிராம் போதும். நார்த்தங்காயும் அதே நாளில் போடலாம்.

தயிரை மறந்துவிடாதீர்கள். கிச்சடிக்கு லேசான புளிப்பு, புளிசேரிக்கு நல்ல புளிப்பு. இரண்டு லிட்டர் பாலை பூராடத்துக்கு முந்தின இரவு உறை ஊற்றி, அதில் பாதியை வெளியிலேயே வையுங்கள். பாக்கெட் தயிரைக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டுப் புளிக்கவில்லையே என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. குளிரில் தயிர் புளிக்காது.

பால்பாயசத்துக்கு 3 லிட்டர் பால் வேண்டும் என்று பால்காரரிடம் ஒரு வாரம் முன்பே சொல்லிவையுங்கள். போளியும் அப்படித்தான், கடையில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். போளியைப் பாயசத்தில் பிசைந்து சாப்பிடுவது நம் தெற்கத்தி வழக்கம். அது இல்லாத இலையை எங்கள் பெரியம்மா ஓண இலையாகவே ஒத்துக்கொள்ள மாட்டார்.

7. காய்கறி: பூராடத்தன்று

உத்திராடத்துக்கு முந்தின நாளான பூராடத்தன்று காய் வாங்குங்கள். அதற்கு முன் வாங்கினால் வாடும், அடுத்த நாள் வாங்கினால் விலை ஏறியிருக்கும், நல்ல காயும் போயிருக்கும். நாகர்கோவிலில் வடசேரி கனகமூலம் சந்தையும் அப்டா மார்க்கெட்டும் இருக்கின்றன. திங்கள்சந்தை, கருங்கல், மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்கள் அங்கங்கே வாங்கலாம்.

அவியலுக்குச் சேனை, தடியங்காய், ஏத்தங்காய், முருங்கைக்காய், பயறு (பச்சையான நீளப் பயற்றங்காய்), புடலங்காய், வழுதலங்காய் (கத்திரிக்காய்) எல்லாம் சேர்த்து இரண்டு கிலோ. இதில் கனமானவற்றை முதலில் பையில் போடுங்கள், முருங்கைக்காயை மேலே வையுங்கள். ஆவணியில் நல்ல மாங்காய் கிடைப்பது சிரமம், அவியலுக்குத் தயிரே போதும்.

சேனையை முழுதாக வாங்காமல் வெட்டிய துண்டாக வாங்கினால் உள்நிறம் தெரியும். எரிசேரிக்கு மத்தங்காய் ஒரு கிலோ. துவரனுக்குப் பயறு முக்கால் கிலோ. கிச்சடிக்கு வெள்ளரிக்காய் ஒன்று, கறிக்கு வைக்கும் பெரிய மஞ்சள் வெள்ளரி. பச்சையாகக் கடித்துத் தின்னும் பிஞ்சு வெள்ளரி நீர் விட்டுவிடும்.

8. பூவும் இலையும்: உத்திராடத்தன்று

தோவாளைப் பூச்சந்தை விடியற்காலையிலேயே சூடுபிடித்துவிடும். ஓண நேரத்தில் கேரள வியாபாரிகளும் வந்துவிடுவதால் விலை ஏறும், வெயில் ஏறும்போது நல்ல பூ தீர்ந்திருக்கும். வேலைக்குப் போகிறவர்கள் விடியும் முன் போய்விட்டு வரலாம்.

நாலடி அகலத்துக்கு அத்தப்பூக்கோலம் போட இரண்டரை கிலோ பூ எங்களுக்குச் சரியாக இருக்கும். மஞ்சள் கிரேந்தி (செண்டுமல்லி), ஆரஞ்சு கிரேந்தி, வாடாமல்லி, வெள்ளை அரளி. பச்சைக்குக் காசு கொடுக்க வேண்டாம், வீட்டுச் செடியின் இலையை நறுக்கினால் போதும். தலைக்குப் பிச்சிப்பூ மொட்டாக வாங்கி, ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் காலையில் பழுத்துவிடும்.

இலை பன்னிரண்டு பேருக்குப் பதினாறு. இது காற்றுக் காலம், ஓரம் கிழிந்த இலை நிறைய வரும். நுனி இலையாகக் கேளுங்கள், விரித்துப் பார்த்து வாங்குங்கள். சுருட்டி, தண்ணீர் தெளித்து, நிழலில் நிறுத்தி வையுங்கள். படுக்கப்போட்டு மேலே எதையாவது வைத்தால் நடுநரம்பு ஒடியும், ஒடிந்த இலையில் ரசம் நிற்காது.

9. திருவோணத்தன்று: உடுப்பை எப்போது மாற்றுவது

விடியற்காலையில் குளித்துக் கோடி உடுத்தி, கோயிலுக்குப் போய்விட்டு வந்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். அடுக்களைக்குப் பழைய உடுப்பு. கடைசி பப்படம் பொரித்த பிறகு முகம் கழுவி மறுபடி கோடி உடுத்துங்கள். சமைக்கிறவர்களுக்கு இந்தக் கால்மணி நேரத்தை வீட்டில் மற்றவர்கள் ஒதுக்கித் தர வேண்டும். பல வீடுகளில் சமைத்தவர் மட்டும் வேர்த்த உடுப்போடு படத்தில் நிற்பார், அது எனக்குப் பொறுக்காது. இலை போடுவதையும் தண்ணீர் வைப்பதையும் மற்றவர்கள் பார்த்துக்கொண்டால் நேரம் கிடைத்துவிடும்.

இலையின் நுனி சாப்பிடுகிறவரின் இடது பக்கம் இருக்க வேண்டும். அந்த இடது ஓரத்திலிருந்து உப்பேரி, வரட்டி, இஞ்சி, நார்த்தங்காய், அப்புறம் பச்சடி, கிச்சடி, துவரன், அவியல், எரிசேரி என்று வலது பக்கம் வாருங்கள். அதன் பிறகே ஆள் உட்கார வேண்டும், அதன் பிறகே சோறு. எங்கள் வீட்டில் பருப்பும் நெய்யும் முதலில், அடுத்து சாம்பார், பிரதமன், போளியோடு பால்பாயசம், மறுசோற்றுக்குப் புளிசேரி, ரசம், மோர்.

பரிமாறுகிறவர் நேரியதையோ முந்தானையையோ இடுப்பில் சொருகிக்கொள்ளுங்கள். தொங்கும் முனை முதலில் போய் விழுவது புளிசேரியில்தான்.

10. கறை பட்டால்

மஞ்சள் கறையில் உடனே சோப்புப் போடாதீர்கள். சோப்பின் காரம் பட்டால் மஞ்சள் சிவப்பாக மாறும், பார்த்துப் பதறி இன்னும் தேய்ப்பீர்கள், கசவு உரசிப் போகும். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் அந்த இடத்தில் மட்டும் மென்மையான சோப்பு நுரையை விரலால் தடவி அலசிவிட்டு, ஈரத்தோடு கறைப்பட்ட பாகத்தை மட்டும் வெயிலில் போடுங்கள். இரண்டு மூன்று வெயிலில் மஞ்சள் தானாக வெளிறும். பிளீச்சிங் தண்ணீர் பக்கமே போகக் கூடாது, ஜரிகை கறுத்துவிடும்.

கஞ்சி போடாமல் மடித்து, பருத்தித் துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். கஞ்சி இருந்தால் பூச்சி வரும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து மடிப்பை மாற்றி வைத்தால் ஜரிகை மடிப்பில் ஒடியாது.